கார்த்திகை மீன் போட்ட இசைத்தட்டு

தொண்ணூறுகளில் ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். பழம் பறிக்கும் பருவத்தில் எடை போட்டு, ஆள்வாரியாகக் கூலி எழுதி முடிப்பதற்குள் இருட்டிவிடும் என்பதால், சேலத்துக்கு இறங்கும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட நாள்களில் துரையின் பங்களாத் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்வேன். துரை என்று தோட்டத்தார் அழைத்த அந்த ஆங்கிலோ-இந்திய மேலாளர், இரவில் இசைத்தட்டுக் கேட்காமல் உறங்கமாட்டார். பெரும்பாலும் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ்தான். ஒரு மார்கழி இரவில் மட்டும், ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட அவருடைய தம்பி அனுப்பியிருந்த வேறொரு தட்டை எடுத்துவந்து, அதன் அட்டையை என்னிடம் நீட்டி, இது எந்த நட்சத்திரம் என்று கேட்டார். இருண்ட வானத்தில் நெருக்கமாக மினுங்கிய சில வெண்புள்ளிகள். தலையைத் தூக்கிப் பார்த்தால், சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே அதே கூட்டம் நின்றுகொண்டிருந்தது. கார்த்திகை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஊசியை வைத்தார்.

அது அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் 'ஸ்டார்டஸ்ட்' ஆல்பம். அட்டை ஓவியத்தை வரைந்தவர் சுசன்னா கிளார்க் என்பதும், அதில் உள்ள பத்துப் பாட்டுகளில் ஒன்றுகூட வில்லியின் சொந்தப் பாட்டு இல்லை என்பதும் பின்னால்தான் எனக்குத் தெரிந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், வில்லி முதலில் பெயர் வாங்கியதே பிறருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துத்தான். 1961இல் பாட்ஸி க்ளைன் பாடிப் புகழ்பெற்ற 'க்ரேஸி' அவர் எழுதியது. தன் பாட்டைப் பிறர் பாடக் கேட்டுப் பழகிய அந்த டெக்சாஸ்காரர், நாற்பத்து நான்காம் வயதில், தன் சிறுவயதில் கேட்டு வளர்ந்த பழைய பாட்டுகளைப் பாட உட்கார்ந்தார். அப்போது அவர் நீண்ட தலைமுடியும் தாடியுமாக, நாஷ்வில் நகரத்து இசைக் கம்பெனிகளின் வழக்கத்துக்கு அடங்காத கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற வழி வந்த இசை) பாடகர் என்று பெயரெடுத்திருந்தார். அந்தப் பெயர் நன்றாக விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், பாட்டன் காலத்துப் பாட்டுகளைப் பாடப்போகிறேன் என்று அவர் சொன்னது கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தாருக்கு உவப்பாக இல்லை. இளையவர்களுக்கு இவை புதுப்பாட்டுகளாகவே கேட்கும் என்பது அவருடைய வாதம்.

1977 டிசம்பரில் சுமார் பத்து நாள்களில் ஒலிப்பதிவு முடிந்து, 1978 ஏப்ரலில் தட்டு வெளிவந்தது. தயாரித்தவர் புக்கர் டி. ஜோன்ஸ், மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியில் ஆர்கன் வாசித்துப் பெயரெடுத்த கறுப்பினக் கலைஞர். கன்ட்ரி பாடகர் ஒருவர் ஜாஸ் காலத்துப் பாட்டுகளைப் பாட, அதைச் சோல் என்னும் கறுப்பின மக்களின் இசையில் ஊறியவர் ஒழுங்குசெய்வது அன்று எவருக்கும் விசித்திரமாகவே பட்டிருக்கும். ஆனால் இந்தப் பாதையில் எதிர்த்திசையிலிருந்து ஒருவர் முன்பே வந்து போயிருந்தார். 1962இல் சோல் பாடகரான ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாட்டுகளையே எடுத்து ஒரு முழு ஆல்பம் பாடியிருந்தார். அதே ரே சார்ல்ஸ் 1960இல் பாடித் தனதாக்கிக்கொண்ட 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' பாட்டைத்தான் வில்லி தன் தட்டில் இரண்டாவதாக வைத்தார். கொஞ்சம் துணிச்சல்தான். அதற்கு அவருக்கு கிராமி விருது கிடைத்தது. ஆல்பமோ கன்ட்ரி விற்பனைப் பட்டியலில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இடம்பிடித்திருந்தது.

விருதும் விற்பனையும் இருக்கட்டும்; நான் சொல்ல வந்தது அவர் பாடும் விதத்தைப் பற்றி.

துரை அந்தத் தட்டை எனக்குக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். அதைச் சேலத்துக்குக் கொண்டுவந்து என் தாய்மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். மாமா பகலில் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை, இரவில் மெல்லிசைக் குழுவில் பாட்டு. ஆடி மாதம் வந்தால் மாரியம்மன் கோயில் மேடைகளில் அவருக்கு ஓய்வே இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டி.எம்.எஸ். என்றே நினைக்கத் தோன்றும். அதுதான் அவருக்குக் கிடைத்த பாராட்டு, கடைசிவரை கிடைத்த ஒரே பாராட்டும் அதுதான். கேசட் ஓடத் தொடங்கியதும் வழக்கம்போலத் தொடையில் தாளம் தட்டினார். இரண்டு வரி போவதற்குள் முகம் சுளித்து, "தாளம் இடிக்குதே மாப்பிள்ளை" என்றார்.

வில்லி தாளத்தோடு சேர்ந்து நடப்பதில்லை. சொல்லைச் சற்றுத் தாமதித்தே எடுப்பார். சில வேளை முந்திக்கொண்டு சொல்லிவிட்டு நிற்பார். திண்ணையில் உட்கார்ந்து கதை பேசுகிறவர் நடுவில் வெற்றிலை மடித்துக்கொண்டு தொடர்வதைப்போல இருக்கும். நைலான் கம்பி பூட்டிய பழைய மார்ட்டின் கிட்டார், அக்கா பாபியின் பியானோ, மிக்கி ரஃபேலின் மவுத் ஆர்கன் என எல்லாம் அவருக்காகப் பொறுத்து நிற்கும். வரி முடியுமிடத்தில் தவறாமல் வந்து சேர்ந்துவிடுவார். மாமா பாட்டு முடிகிறவரை தட்டுவதை நிறுத்தவில்லை. முடிந்தபின், "எங்கெங்கோ சுத்திட்டு சரியா வந்து விழுந்துட்டான்" என்று சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.

நம் ஊரில் இது புதிதா என்ன? தியாகராசர் கீர்த்தனையை நூறு பேர் பாடுகிறார்கள். பிறர் பாட்டை ஏன் பாடுகிறாய் என்று எவரும் கேட்பதில்லை, நீ போட்ட சங்கதி என்ன என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் அதே நாம் சினிமாப் பாட்டு மேடைக்கு வந்தவுடன் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்கிறோம். இடையிசையில் ஒரு புல்லாங்குழல் குறைந்தாலும் முணுமுணுக்கிறோம். இந்த இரட்டை வழக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாமாவின் சொந்தக் குரல் எப்படியிருக்கும் என்பது அவர் கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டே முனகுவதைக் கேட்ட எங்களுக்கு மட்டுமே தெரியும்.

பத்துப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். 'அன்செயின்டு மெலடி' உச்சிக்கு ஏறவேண்டிய பாட்டு. வில்லி அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறார். மாறாக, 1938இல் ஒரு மேடை நாடகத்துக்காகக் கர்ட் வைல் இசையமைத்த 'செப்டம்பர் சாங்', எஞ்சிய நாள்களை எண்ணுகிற முதியவரின் பாட்டு என்பதால், அந்த அவசரமற்ற குரலில் உட்கார்ந்துகொள்கிறது. 'மூன்லைட் இன் வெர்மான்ட்' பாட்டில் இயைபே கிடையாது என்று துரை ஒருமுறை சொன்னார். வரிக்கு வரி ஓசை ஒத்துவந்தால்தான் பாட்டு என்று பழகியிருந்த நான், அதன்பிறகு அதைக் கேட்கும்போதெல்லாம் எங்கே ஒத்துவருகிறது என்று தேடி ஏமாந்திருக்கிறேன்.

அடுத்த ஆடியில் மாமாவின் கச்சேரிக்குப் போயிருந்தேன். கூட்டத்திலிருந்து வந்த துண்டுச் சீட்டைப் படித்துவிட்டு, ஒரு பழைய சோகப் பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது சரணத்தில், எனக்குத் தெரிந்து முதன்முறையாக, ஒரு வரியைத் தாளத்துக்குப் பின்னால் இழுத்து, தன் குரலில், பேசுவதுபோலப் பாடினார். தபலாக்காரர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் யாரோ, "அண்ணே, மறந்துட்டீங்களா?" என்று கத்தினார். மாமா சிரித்தபடி கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு சைகை செய்துவிட்டு, அடுத்த வரியை டி.எம்.எஸ். குரலில் எடுத்தார்.