முக்திநாத் யாத்திரை: கடலடிச் சேற்றில் பிறந்த சாளக்கிராமம்

திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் என வைணவர்கள் சேவிக்கும் முக்திநாத், நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பொக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானத்தில் சுமார் 20 நிமிடம், பிறகு ஜீப். இந்தியர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சிக்கல் அந்த 20 நிமிடத்தில்தான். பொக்ரா ஏறத்தாழ 800 மீட்டர், ஜோம்சோம் 2,700. இறங்கிய கையோடு ஜீப் பிடித்து மேலே போனால், தலைவலியும் குமட்டலும் சந்நிதி வரை கூடவே வரும். கோயிலருகே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஜோம்சோமிலோ வழியிலுள்ள காக்பேனியிலோ ஓர் இரவு தங்கிவிட்டுப் போவதே சரி. தலைவலி விடாமல் கூடிக்கொண்டே போனால், மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

விமானம் காலையில் மட்டுமே. வெயில் ஏறியதும் வடக்கே திபெத்தியப் பீடபூமி சூடாகி, தெற்கிலிருந்து காற்றை இழுக்கும். காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கு அதற்கு நேர்வழி. உச்சிப்பொழுதுக்குள் மணலை வாரி இறைக்கும் அளவுக்குக் காற்று வலுத்துவிடும். காலை விமானம் ரத்தானால் அன்றைய பயணம் அவ்வளவுதான். கையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒருபுறம் தௌலகிரி (8,167 மீட்டர்), மறுபுறம் அன்னபூர்ணா (8,091 மீட்டர்). தௌலகிரி உச்சிக்கும் ஆற்றுப்படுகைக்கும் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் உயர வித்தியாசம். மலை எழும் முன்பே ஓடிய ஆறு இது என்பது புவியியலாளர் பலரின் கருத்து. மலை உயர உயர ஆறும் விடாமல் அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. பருவமழையை இந்தச் சிகரங்கள் தடுத்துவிடுவதால் வடக்கே பச்சை குறைவு. மடிந்தும் சாய்ந்தும் கிடக்கும் பாறை அடுக்குகள் ஜீப்பில் இருந்தே தெரியும்.

அந்த அடுக்குகளில் ஒன்றான கருங்களிப் பாறைதான், பெருமாளாக வணங்கப்படும் சாளக்கிராமக் கல்லின் தாய்வீடு. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே டெத்திஸ் கடல் இருந்தது. சுருள் ஓடுகொண்ட அம்மோனைட் உயிரிகள் செத்துச் சேற்றில் புதைந்தன. அந்த ஓட்டினைச் சுற்றித் தாதுக்கள் படிந்து, அந்தச் சேறு மட்டும் உருண்டையாக இறுகியது. பிறகு இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியபோது கடலடியே நொறுங்கி மடிந்து மேலேறியது. மென்மையான களிப்பாறை கரைய, கெட்டியான உருண்டைகள் ஆற்றில் விழுந்து உருள்கின்றன. வஜ்ரகீடம் என்ற புழு குடைந்த சக்கரம் என்று புராணம் சொல்வது அந்தச் சுருளைத்தான். உள்ளே மின்னும் பொன்ரேகை பெரும்பாலும் பைரைட் என்ற இரும்புக் கனிமம்.

மோதல் ஓயவில்லை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் தளர்ந்த மலைச்சரிவுகள் பல. அடுத்த மாதமே மியாக்டி மாவட்டத்தில் ஒரு நிலச்சரிவு இதே ஆற்றைப் பல மணி நேரம் அடைத்து நிறுத்தியது. தரைவழியாக வருவோர் ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்ப்பது நல்லது.

ஜீப் நிற்கும் ராணிபௌவாவிலிருந்து கோயிலுக்கு அரைமணி நேர ஏற்றம். முடியாதவர்களுக்குக் குதிரை உண்டு. சந்நிதிக்குப் பின்னால் 108 தாரைகள், முன்னால் இரண்டு குளங்கள். தண்ணீர் பனிக்கட்டிபோல் இருக்கும். இதயக்கோளாறு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். மற்றவர்களும் உலர்ந்த துணியைக் குளத்தருகே தயாராக வைத்துவிட்டு இறங்கட்டும். அருகே ஜ்வாலாமாயி கோயிலில், பாறையிடுக்கில் கசியும் எரிவாயு நீரோட்டத்தின் பக்கத்திலேயே சிறு நீலச்சுடராக எரிகிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

கல் தேடுவோர் மழைக்காலம் முடிந்து நீர் வடிந்தபின் காக்பேனி அருகே படுகையில் பார்க்கலாம். வெள்ளம் புதிதாகக் கொண்டுவந்தவை அப்போது மேலே கிடக்கும். சக்கரம் பார்க்கும் ஆசையில் உருண்டையை உடைக்க வேண்டாம். தானாகத் துவாரம் விழுந்ததில் அது தெரியும். மூடியே கிடப்பதும் பூஜைக்கு உகந்ததே.