தொட்டி நிறைய உப்பு, குழாயில் கடின நீர்

வாடகை அபார்ட்மென்ட்டில் இருந்தவரை தண்ணீரைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. கெட்டிலில் வெள்ளையாகப் படிந்தால் வினிகர் ஊற்றிக் கழுவுவோம், அவ்வளவுதான். வீடு வாங்கியதும் பேஸ்மென்ட்டில் ஒரு கூட்டம் இயந்திரங்களும் சேர்ந்து கைக்கு வந்தன. ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், மூலையில் உயரமாக ஒரு சிலிண்டர், அதன் பக்கத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி. கடைசி இரண்டும் சேர்ந்ததுதான் வாட்டர் சாஃப்ட்னர், அதாவது கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரை மென்மையாக்கும் கருவி. வீட்டை விற்றவர்கள் "உப்பு மட்டும் போட்டால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூடியைத் திறந்தால் முக்கால் தொட்டிக்கு உப்பு இருந்தது.

அந்த உப்பு குறையவே இல்லை. மாதக்கணக்கில் அதே மட்டம். ஆனால் ஷவர் துளைகளில் வெள்ளைப் பொருக்கு ஏறியது, கழுவி வைத்த டம்ளரில் புள்ளி புள்ளியாகத் தடம் விழுந்தது, சோப்பு நுரைக்க மறுத்தது. அடுத்த தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார், எங்களுக்கு ரொம்ப முன்னால் இங்கே வந்தவர். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறாக இருந்தது.

"உப்பு குறையுதா?"

"இல்லண்ணா, வந்த நாள்லேருந்து அப்படியேதான் இருக்கு."

"அப்போ அது உப்பே எடுக்கல. தொடப்பக் கட்டை இருக்கா?"

கட்டையின் முனையை உப்பின் நடுவில் வைத்து மெதுவாகக் குத்தினார். 'டொக்' என்று தரையில் இடித்த மாதிரி சத்தம். இடம் மாற்றிக் குத்த, நாலைந்து குத்துக்குப் பிறகு மேல் பரப்பு விரிசல் விட்டு, பெரிய கட்டி ஒன்று உள்ளே சரிந்து தண்ணீரில் விழுந்தது. அடியில் ஒரு முழ ஆழத்துக்கு வெற்றிடம். ஈரக்காற்று பட்டுப் பட்டு மேல் உப்பு இறுகி ஓடாகிவிட்டிருந்தது. உப்புப் பாலம் என்பது இதைத்தான். கீழே இருக்கும் தண்ணீருக்கு உப்பு எட்டாது, மேலிருந்து பார்க்கிறவருக்கோ தொட்டி நிறைந்தே தெரியும். கட்டையால் பலமாக இடிக்கக் கூடாது, தொட்டிச் சுவர் பிளந்துவிடும் என்றார்.

உப்பு எட்டாவிட்டால் என்ன நஷ்டம்? சிலிண்டருக்குள் ரெசின் என்னும் சின்னச் சின்ன மணிகள் இருக்கின்றன. தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அவை பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. மணிகளில் இடம் தீர்ந்ததும், தொட்டியிலிருந்து செறிந்த உப்புநீரை இழுத்து அலசிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதுதான் ரீஜெனரேஷன். எங்கள் மெஷின் இத்தனை நாளும் ராத்திரியில் தவறாமல் அலசியிருக்கிறது, ஆனால் வெறும் தண்ணீரால்.

இவ்வளவு தூரம் வந்தாச்சு, தொட்டியையே கழுவிவிடலாம் என்று அண்ணன் சொன்னார். உப்பு தீரும் தறுவாயில் செய்வது சுலபம். எங்களுக்கு அந்த வசதி இல்லை, வாளி வாளியாக அள்ள வேண்டியிருந்தது. முதலில் தண்ணீர் சாஃப்ட்னருக்குள் போகாமல் நேராக வீட்டுக்குப் போகும்படி பைபாஸ் வால்வைத் திருப்பினோம். அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, தொட்டிக்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றினோம். அடியில் கிடந்ததைப் பார்த்தபோதுதான் கழுவச் சொன்னதன் காரணம் புரிந்தது. உப்பு கரைந்து மறுபடி படிகமாகி, ஈர மணல் மாதிரி கெட்டியாக ஒரு சேறு. நிறம் பழுப்பு. மட்டமான பாறை உப்பில் களிமண் கலந்திருக்கும், அது கரையாமல் அடியிலேயே தங்கிவிடும். ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் இருந்தால் வேலை பாதியாகும். உப்புத் தண்ணீரைச் செடிப் பக்கம் மட்டும் கொட்டாதீர்கள், வேர் கருகிவிடும்.

பாத்திரம் கழுவும் சோப்பும் நீளப் பிரஷும் போதும். தொட்டிக்குள் நிற்கும் குழாயில் ஒரு மிதவை இருக்கிறது, தண்ணீர் அளவு மீறாமல் தடுப்பது அதுதான். அதை வெளியே எடுத்துக் கழுவி, தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே வால்வுத் தலையில் இன்ஜெக்டர் என்று விரல் நுனி அளவில் ஒரு துண்டு, கூடவே சின்ன வலை. உப்புநீரை உறிஞ்சுவது இதன் வேலை. இதில் தூசி அடைத்தாலும் உப்பு குறையாமல் நிற்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகிவிடும், ஊசி போட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிக் கெட்டுவிடும்.

ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். தண்ணீரில் இரும்பு இருந்தால் ரெசின் கிளீனர் போடச் சொல்வார்கள், தொட்டியைக் கிருமி நீக்க ப்ளீச் போடுகிறவர்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும். எங்கள் தண்ணீருக்கு இரண்டுமே தேவைப்படவில்லை, போடவும் இல்லை.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு 10 முதல் 15 லிட்டர் தண்ணீர் ஊற்றி, மேலே புது உப்பு. வில்லை வில்லையாக வரும் சுத்திகரித்த உப்பையே வாங்குகிறோம், சேறு மிகவும் குறைவு. பாதித் தொட்டிக்கு மேல் நிரப்புவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 360 கிராம் உப்புத்தான் கரையும், அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் உப்புநீர் செறிவு கூடாது, பாலம்தான் கட்டும். சில மணி நேரம் ஊறவிட்டு, கையாலேயே ஒரு ரீஜெனரேஷனை ஓடவிட வேண்டும்.

மெஷினில் கடினத்தன்மையை கிரெய்ன் கணக்கில் கேட்கிறது, நகராட்சி அறிக்கையோ லிட்டருக்கு மில்லிகிராமில் சொல்கிறது. லிட்டருக்கு 17.1 மில்லிகிராம் என்பது அமெரிக்க கேலனுக்கு ஒரு கிரெய்ன். எங்கள் தண்ணீர் 300 மில்லிகிராம், அதாவது கிட்டத்தட்ட 18 கிரெய்ன். 180 மில்லிகிராம் தாண்டினாலே மிகக் கடினம் என்று வகைப்படுத்துகிறார்கள்.

கடிகாரமும் பார்க்க வேண்டிய ஒன்று. வீடே தூங்கும் என்ற நம்பிக்கையில் ராத்திரி 2 மணிக்கு அலசுகிற மாதிரிதான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் குழாயைத் திறந்தால் கடின நீரே வரும். இரவு ஷிஃப்ட் முடித்து நள்ளிரவுக்குப் பிறகு குளிக்கிறவர் இருக்கும் வீட்டில் இது ஒத்துவராது. எங்கள் வீட்டில் 4 மணிக்கு மாற்றினோம். குளிர்கால, கோடைகால நேரம் மாறும்போதும், கரன்ட் போய் வந்த பிறகும் மணி சரியா என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

குடிக்கிற தண்ணீர் விஷயம் தனி. 300 மில்லிகிராம் கடினத்தன்மையை முழுவதும் நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. ருசியில் பெரிதாகத் தெரியாது. ஆனால் ரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொன்ன பெரியவர்கள் எங்களோடு இருக்கிறார்கள். அதனால் சமையலறைக் குளிர்நீர்க் குழாய்க்கும் தோட்டக் குழாய்க்கும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே தனிக் கிளை எடுத்துவிட்டோம். பிளம்பருக்கு அரை நாள் வேலை.

இப்போது மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, உப்பு இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, கட்டையால் ஒரு குத்து. தொட்டி கழுவுவது வருஷத்துக்கு ஒரு தடவை. உப்பும் குறைகிறது, இன்ஜெக்டரும் சுத்தம், அப்படியும் டம்ளரில் தடம் விழுந்தால் ரெசினுக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். பொதுவாக 10 முதல் 15 வருஷம் வரும், நகராட்சித் தண்ணீரில் குளோரின் அதிகமென்றால் அதற்கு முன்பே போய்விடும். எங்கள் சிலிண்டரில் தேதிச் சீட்டு கிழிந்து போயிருக்கிறது, அதனால் ரெசின் மாற்றும் செலவுக்கு இப்போதிருந்தே கொஞ்சம் எடுத்து வைக்கிறோம்.