பின் ஆக்சில் 2,970 கிலோ: கேம்பர் வேன் எடைக் கணக்கு

உள்ளேயே தங்கிப் பயணிக்க நான் கட்டும் கேம்பர் வண்டி எடையில் பாஸ். தொட்டி நிறையத் தண்ணீர், டேங்க் நிறைய டீசல், பேட்டரி, சிலிண்டர், கட்டில், மெத்தை எல்லாம் ஏற்றி, நான்கு பேர் உட்கார்ந்து, சாமானுக்குப் பதிலாக 40 கிலோ நெல் சிப்பம் மூன்றைப் பின்னால் போட்டு எடை மேடை ஏறியதில் முன் ஆக்சில் (சக்கர அச்சு) 1,510, பின் ஆக்சில் 2,970, மொத்தம் 4,480 கிலோ. பின் ஆக்சிலுக்கு அனுமதி 3,000. ஆர்.சி.யில் ஜி.வி.டபிள்யூ., அதாவது அனுமதித்த மொத்த எடை, 4,500.

சேஸிஸ் 3,350 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) உள்ள டீசல் லைட் டிரக். பின்னால் இரட்டை டயர். பாடி முடிந்த நீளம் 5,990 மி.மீ., அதில் பின் ஓவர்ஹேங் (பின் ஆக்சிலுக்கு அப்பால் நீளும் பகுதி) 1,640.

கேம்பர் கட்டுபவர்கள் முதலில் நீளத்தை முடிவு செய்து, பிறகு மொத்த எடையைக் கூட்டிப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். மொத்த எடை பெரும்பாலும் தப்பித்துவிடும். மாட்டுவது பின் ஆக்சில்தான். அதனால் கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

சூத்திரம் எளிது. பொருளின் எடையை, முன் ஆக்சிலிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கி, வீல்பேஸால் வகுத்தால் பின் ஆக்சிலில் விழும் பாரம் வரும். பின் ஆக்சிலுக்கு அப்பால் வைக்கும் எதுவும் துலாவில் ஏறி நிற்பது மாதிரி, பின்னால் தன் எடையைவிடக் கூடுதலாக அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கும். 200 லிட்டர் தொட்டியைப் பின் கட்டிலுக்கு அடியில், ஆக்சிலுக்கு 1,100 மி.மீ. பின்னால் வைத்தால் 200 × 4,450 ÷ 3,350 = 266 கிலோ பின்னால்; முன்னால் 66 கிலோ குறையும். அதே தொட்டியை ஆக்சிலுக்கு 550 மி.மீ. முன்னால் சேஸிஸ் ஓரம் தொங்கவிட்டால் பின்னால் 167 தான். ஒரு கிலோகூடக் குறைக்காமல் 99 கிலோ மிச்சம்.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்து 90 கிலோ. பின் மூலையில் இருந்தால் 121 கிலோவாக இறங்கும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், முன் ஆக்சிலிலிருந்து ஒரு மீட்டரில் வைத்தால் 27. தொட்டியும் பேட்டரியும் பின்னாலேயே இருந்தால் மொத்தம் இதே 4,480, ஆனால் பின் ஆக்சில் 3,163. அதாவது 163 கிலோ ஓவர்லோடு, ஜி.வி.டபிள்யூ.வுக்குள் இருந்துகொண்டே.

எடை போடும் முறையில் கவனம் வேண்டும். நெல் லாரி ஏறும் மேடைகளில் தரை மட்டத்தில் பள்ளம் எடுத்துக் கட்டியதைத் தேடிப் போங்கள். சாய்வுப் பாதை ஏறும் மேடையில் ஒரு ஆக்சில் மேலேயும் ஒன்று சரிவிலும் நின்றால் பாரம் நகர்ந்துவிடும். முன் சக்கரம் மட்டும், முழு வண்டி, பின் சக்கரம் மட்டும் என்று மூன்று தடவை. ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, கட்டை கொடுத்துவிட்டு பிரேக்கை விட வேண்டும். பிரேக் பிடித்திருந்தால் ஸ்பிரிங் முறுக்கு ரீடிங்கில் ஏறும். முன்னும் பின்னும் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும்; 30 கிலோவுக்கு மேல் இடித்தால் அந்தச் சீட்டை நம்பாதீர்கள். கடைசியாக இடது பக்கச் சக்கரங்களை மட்டும் மேடை ஓரத்தில் ஏற்றிப் பாருங்கள். அடுப்படியும் தொட்டியும் ஒரே பக்கம் இருந்தால் அது இங்கேதான் தெரியும். சம்பா அறுவடை நேரத்தில் மேடையில் இதற்கெல்லாம் இடம் தரமாட்டார்கள், தை பிறக்கும் முன்பே போய்விடுங்கள்.

ஆக்சில் பாரம் கூடினால் ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்தால் போதும் என்று எந்தப் பட்டறையிலும் சொல்வார்கள். கூடுதல் பட்டை வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தும், அவ்வளவுதான். ஆக்சில் ஹவுசிங், பேரிங், பிரேக் ஆகியவற்றின் தாங்குதிறன் அப்படியே இருக்கும். டயரும் அப்படித்தான்: பக்கவாட்டில் தாங்கும் எடைக் குறியீடு 118/116 என்றிருந்தால் ஒற்றையில் 1,320 கிலோ, இரட்டையில் ஒன்றுக்கு 1,250. நான்கும் சேர்ந்து 5,000 தாங்கும் என்பதால் ஆக்சில் தாங்கிவிடாது. எது குறைவோ அதுதான் எல்லை.

இரட்டை டயரில் இரண்டு தொல்லை. உள் டயருக்கு வால்வு எக்ஸ்டென்ஷன் போடாவிட்டால் காற்று பார்க்க முடியாது. மழைக்குப் பிறகு களிமண் ரோட்டோரத்தில் இறக்கினால் இரண்டு டயருக்கும் நடுவே மண் அடைத்துக்கொள்ளும், ஜல்லியும் சிக்கும். ரோட்டில் ஏறியதும் குத்தி எடுத்துவிடுங்கள். பின்னால் இரட்டை ஆக்சில் காவிரி டெல்டாவுக்கு வேண்டவே வேண்டாம். வாய்க்கால் முக்கில் வண்டியை ஒடிக்கும்போது டயர் தரையில் தேயும், ஆக்சில் எடை வேறு கூடும். ஐரோப்பிய வண்டிகளைப் பார்த்து 3,500 கிலோவுக்குள் அடக்கவும் தேவையில்லை. அது அவர்கள் ஊர் சாதாரண லைசென்ஸின் எல்லை, இங்கே எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் 7,500 கிலோ வரை.

நீளம் ஆறு மீட்டரில் நின்றது ஆற்றங்கரைச் சாலைகளுக்காக. விதிப்படி பின் ஓவர்ஹேங் வீல்பேஸில் 60 சதம், அதாவது 2,010 மி.மீ. வரை போகலாம். ஆனால் பின்னால் தரை இடைவெளி 450 மி.மீ. உள்ள வண்டிக்கு பின்பக்கம் தரையில் உரசாமல் போகும் கோணம் 1,640-இல் 15 டிகிரி கிடைக்கிறது, 2,010-இல் 12.6 தான். கரையிலிருந்து தெருவுக்குள் இறங்கும் சரிவிலும் மதகுப் பாலத்து மேட்டிலும் பின் பம்பர் உரசும். தவிர, நீட்டுகிற ஒவ்வொரு அடியும் பின் ஆக்சிலுக்குப் பின்னால்தான் வரும்.

இப்போது மொத்த எடையில் கையில் இருப்பது 20 கிலோ, போதாது. 18 மி.மீ. பிளைவுட் ஒரு முழு ஷீட் 36 கிலோ பக்கம், 12 மி.மீ. 24. அலமாரிக் கதவு, கட்டில் பலகை ஐந்து ஷீட்டை மாற்றினால் 60 கிலோ இறங்கும். அடுப்பு மேடைக்கு கிரானைட் கேட்கவே கேட்காதீர்கள், 18 மி.மீ. கல் சதுர மீட்டருக்கு 48 கிலோ. ஜன்னல் ரப்பர், அலுமினிய செக்‌ஷன், பூட்டு வகைகளுக்கு கரூர் பஸ் பாடி கடைகளே மேல், துண்டாகவும் வெட்டித் தருகிறார்கள். கூரையில் இரண்டு சோலார் பேனல் ஏற்ற வேண்டும், ஒவ்வொன்றும் 20 கிலோவுக்கு மேல். அதை முன் பாதியில் பதிக்க பிராக்கெட் அடித்துக்கொண்டிருக்கிறேன். பிளைவுட் மாற்றி முடித்ததும் மறுபடி எடை மேடை.