இருபதாவது நிமிடத்து வெளிச்சம்

மூன்று வாரம் ஆயிற்று. இருட்டில் உட்கார்ந்து இசை கேட்க என் அறையைத் தயார்செய்கிறேன், நேற்று ராத்திரிதான் அதற்குள் முழு இருட்டு வந்தது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கூப்பாடு போட்டேன். அம்மா கதவைத் திறந்துவிட்டார்!

ஆஸ்திரிய இசையமைப்பாளர் கெயோர்க் ஃப்ரீட்ரிக் ஹாஸின் மூன்றாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை (நாலு நரம்பு வாத்தியங்களுக்கான இசை, 2001) கேட்டதிலிருந்து பிடித்த பைத்தியம் இது. முழு இருட்டில் வாசிக்க எழுதியது. வாசிப்பவர்கள் ஆளுக்கொரு மூலையில். தாளைப் பார்க்க வழியில்லை, எல்லாம் மனப்பாடம்.

ஜன்னலும் கதவிடுக்கும் முதல் ஞாயிறே முடிந்தன. கோடவுன் தெருவில் எடுத்த கறுப்புத் துணி, இரண்டு மடிப்பு. படுத்தி எடுத்தவை துக்கடா விளக்குகள். லைட்டை அணைத்த இரண்டாவது நிமிடத்தில் எந்த அறையும் இருட்டுதான். கண் பழகி, பதினைந்து இருபது நிமிடம் போன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். முதல் நாள் சுவிட்ச்போர்டு இண்டிகேட்டர். அடுத்த நாள் ஸ்பைக் பஸ்டர். அப்புறம் ஆம்ப்ளிஃபயரின் நீலப் பொட்டு. இன்சுலேஷன் டேப் மூன்று அடுக்கு ஒட்டியபின்தான் அடங்கியது. கடைசியில் உத்தரத்தில் ஏதோ மங்கலாக மிதந்தது. ஏறிப் பார்த்தால், தங்கை பள்ளிக்கூட நாளில் ஒட்டிய ரேடியம் நட்சத்திரம். டியூப்லைட்டைக் குடித்துவைத்துக்கொண்டு ராத்திரி கக்குகிறது.

கொடுமை என்னவென்றால், ஓட்டையை அடைக்க டார்ச் அடித்தால் கண் பழகியது போச்சு, மறுபடி இருபது நிமிடம். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை நாலாக மடித்து ஒட்டியதும்தான் பிழைத்தேன். இருட்டில் வேலை செய்யும் கண் செல்களுக்கு அடர்சிவப்பு அவ்வளவாக உறைக்காது. டெலஸ்கோப் ஆட்களுக்கு இது பழைய வித்தை.

சுவருக்குக் கறுப்பு அடிக்கச் சொன்னான் நண்பன். விழுகிற வெளிச்சத்தை ஏறக்குறைய முழுதாக விழுங்கும் வான்டாபிளாக் என்ற கறுப்புப் பூச்சைக் கலைக்குப் பயன்படுத்தும் உரிமை 2016இலேயே சிற்பி அனிஷ் கபூர் கைக்குப் போயாச்சு என்று சிரித்தேன். வெளிச்சமே இல்லாத அறையில் சுவர் மஞ்சளானால் என்ன, பச்சையானால் என்ன? கறுப்புக்கு வெளிச்சத்தில்தான் வேலை. பிரெஞ்சு ஓவியர் பியர் சூலாஜ் 1979 முதல் கறுப்பைத் தடிமனாக அப்பி, வரி கீறி, அதன்மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இருட்டில் ஒலிக்க வேண்டிய சத்தத்துக்கு வருகிறேன். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியைப் பதிவுசெய்து எட்டில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கினேன். மூன்று ஸ்தாயி கீழே. பகலில் கேட்க கம்பீரமாக இருந்தது. நேற்று இருட்டில் உட்கார்ந்தால், நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, பதிவின் முடிவைத் தொடக்கத்தோடு சேர்த்து லூப்பாக ஒட்டிய இடத்தில் ‘டக்’. ஹெட்போனில்கூட மாட்டாத டக். அதற்கப்புறம் டிரோன், அதாவது அந்த நீள்சுருதி, காதில் ஏறவே இல்லை, அடுத்த டக்குக்காகக் காத்திருந்தேன். க்ராஸ்ஃபேட் போட்டால், அதாவது முடிவு தேயத் தேயத் தொடக்கத்தை ஏற்றினால், டக் போகிறது, ஆனால் அந்த இடத்தில் சத்தம் ஒரு விநாடி அமுங்குகிறது. சத்தம் தேய்ந்து ஏறும் வளைவை மாற்றிப் பார்க்க வேண்டும்.

அதை முடிக்காமலேயே நாலு மூலைக்கு நாலு ஸ்பீக்கர் விலை கேட்க ரிச்சி தெருவுக்குப் போய்வந்தேன். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நீல லைட் எரியும் என்று கடைக்காரர் பெருமையாகக் காட்டினார்.