பூட்டப்படும் நெடுஞ்சாலை ஓய்விடங்கள்

அமெரிக்காவில் ஒரு மாநில அரசுக்குப் பணத் தட்டுப்பாடு வரும்போது, குறைக்க வேண்டிய செலவுகளில் ஒன்றாக, பயணிகள் வண்டியை நிறுத்தி இளைப்பாற அரசு நடத்தும் நெடுஞ்சாலை ஓய்விடங்களும் எளிதாகச் சேர்ந்துவிடுகின்றன. 2009-ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவில் வர்ஜீனியா மாநிலம் 19 ஓய்விடங்களை மூடியது. அதே ஆண்டில் அரிசோனா 13 ஓய்விடங்களைப் பூட்டியது. வர்ஜீனியாவில் எழுந்த மனக்குறை அவ்வாண்டின் ஆளுநர் தேர்தலிலேயே பேசப்பட்டது. அத்தேர்தலில் வென்ற பாப் மெக்டானல், பதவியேற்ற சில மாதங்களுக்குள், 2010-இல், அவற்றைத் திறக்கச் செய்தார். இப்படி மீண்டும் திறக்கப்படும் பேறு எல்லா ஓய்விடங்களுக்கும் கிடைப்பதில்லை. மூடியதால் மிச்சமானதாக அரசு காட்டும் தொகையைச் சாலையில் செல்பவர்கள் தங்கள் உடலாலும் சில வேளைகளில் உயிராலும் செலுத்துகிறார்கள் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓய்விடங்கள் முதலில் வெட்டுப்படுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். மாநிலங்களை இணைக்கும் ‘இன்டர்ஸ்டேட்’ நெடுஞ்சாலைகளின் எல்லைக்குள் பெட்ரோல் நிலையமோ உணவகமோ நடத்தக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருவதில்லை. 1960-க்கு முன்பே இருந்தவற்றுக்கு விலக்கு உண்டு. 1940-இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா டர்ன்பைக் போன்ற பழைய சுங்கச் சாலைகளில் உணவகங்களோடு கூடிய சேவை வளாகங்களைக் காண்பதும் அதனால்தான். மற்ற இடங்களில் கழிவறை, குடிநீர், சில மேசைகள், வண்டி நிறுத்துமிடம், தானியங்கி விற்பனை இயந்திரங்கள் ஆகியவற்றோடு ஓய்விடம் நின்றுவிடுகிறது. வருமானம் ஏறக்குறைய இல்லாமல், துப்புரவு, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் எனச் செலவு மட்டும் ஆண்டு முழுவதும் தொடரும் ஒன்று வரவுசெலவுத் திட்டம் வகுப்பவர் கண்ணில் முதலில் படுவதில் வியப்பில்லை.

மூடுவதை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம், இப்போது நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் ஏறக்குறைய ஒவ்வொரு வழியிலும் (எக்ஸிட்) பெட்ரோல் நிலையமும் துரித உணவகமும் இருக்கின்றன என்பது. நானும் ஒரு காலத்தில் அதைப் பெரிதாக மறுத்ததில்லை. மூத்த வயதில், நீர் பிரிவதற்கான மாத்திரை எடுத்துக்கொள்ளும் அம்மாவை அழைத்துக்கொண்டு நெடுந்தொலைவு பயணம் செய்யத் தொடங்கிய பிறகுதான் அந்த வாதத்தில் உள்ள ஓட்டைகள் எனக்குத் தெரிந்தன. ஓய்விடம் மூடியிருக்கிறது என்ற பலகை அதன் வாசலுக்குச் சற்று முன்பாகத்தான் கண்ணில் படும். அதற்குள் முந்தைய எக்ஸிட்டைத் தாண்டியிருப்போம். அடுத்த எக்ஸிட்டில் இறங்கினால், கடை எந்தப் பக்கம் என்று தேடி, சிக்னலில் காத்திருந்து, உள்ளே போனால் கழிவறை வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். அல்லது சாவிக்காகக் கவுண்டரில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். “பரவாயில்லை, அடக்கிக்கொள்கிறேன்” என்று அம்மா சொல்வார். பிறகு, வழியில் தொல்லை கொடுக்கக் கூடாது என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவார். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார். இதய நோய்க்காகவோ இரத்த அழுத்தத்துக்காகவோ அந்த மாத்திரையை எடுப்பவர்கள் பயணத்துக்காக அதைத் தவிர்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதை மருத்துவரிடம் கேட்டால் தெரியும். குடல் அழற்சி நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், சிறு குழந்தையின் உடையை மாற்ற இடம் தேடும் பெற்றோர் என இந்த நிலையில் இருப்பவர்கள் பலர். எதையும் வாங்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், இரவு இரண்டு மணிக்கும் நுழையக்கூடிய இடம் நெடுஞ்சாலையில் ஓய்விடம் ஒன்றுதான்.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மணிக்கு 70 மைல் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 31 மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவர் நான்கு வினாடி கண்ணயர்ந்தால் வண்டி 120 மீட்டருக்கு மேல் ஆளில்லாமல் ஓடியதற்குச் சமம். கண்ணாடியை இறக்குவதும் பாட்டின் ஒலியைக் கூட்டுவதும் உறக்கத்தை விரட்டுவதில்லை. பாதுகாப்பான ஓரிடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குவது உதவும். ஆனால் கடைகளின் வாகன நிறுத்துமிடத்தில் இருக்கையைச் சாய்த்துப் படுத்தால் யாராவது வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு அது அச்சம் தரும் அனுபவமும்கூட.

டிரக் ஓட்டுநர்களின் நிலை இவற்றையெல்லாம்விடக் கடுமையானது. பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் பணியைத் தொடங்கும் ஓட்டுநர், அடுத்த 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே வண்டியை ஓட்டலாம் என்பது கூட்டாட்சி விதி. 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான டிரக்குகளில் இந்தக் கணக்கை மின்னணுக் கருவியே பதிவு செய்கிறது. நேரம் முடிந்துவிட்டால் நிறுத்தியாக வேண்டும். ஆனால் 80,000 பவுண்டு எடை வரை இருக்கும் அந்த நீண்ட வண்டியைத் தெருவோரம் எங்கும் நிறுத்திவிட முடியாது. ஓட்டுவதும் குற்றம், நிறுத்தவும் இடமில்லை என்ற இக்கட்டில் மனிதரைத் தள்ளும் விதி ஒருபுறம் இருக்க, மாநில அரசு நிறுத்துமிடத்தையும் பூட்டுவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை. 2009-இல் தென் கரோலினாவில், சரக்கை இறக்கும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர், வேறு இடம் கிடைக்காமல் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினார். அங்கே கொள்ளையனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவியின் விடாமுயற்சியால் 2012-இல் ‘ஜேசன் சட்டம்’ நிறைவேறியது. டிரக் நிறுத்துமிடங்களுக்கு நிதி ஒதுக்க அது வழி செய்தது. ஆயினும் பற்றாக்குறை தீரவில்லை. 2023 ஜூலையில் இல்லினாய் மாநிலத்தின் 70-ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில், ஓய்விடத்தை ஒட்டிய இணைப்புச் சாலையின் ஓரத்தில் நின்ற டிரக்குகள் மீது ஒரு பேருந்து மோதி மூவர் இறந்தனர். திறந்திருக்கும் ஓய்விடங்களின் ஓரங்களிலேயே வண்டிகள் இப்படி வரிசைகட்டி நிற்கும்போது, அருகில் ஒன்றைப் பூட்டினால் அந்த வண்டிகள் எங்கே போய் நிற்கும்?

2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றின் தொடக்க நாட்களில், பென்சில்வேனியா தன் ஓய்விடங்கள் அனைத்தையும் மூடியது. மருந்தும் உணவுப் பொருளும் கொண்டுசெல்லும் ஓட்டுநர்கள் தெருவில் நிற்க நேர்ந்தது. எதிர்ப்பு எழுந்து, சில நாட்களுக்குள்ளேயே ஒரு பகுதியைத் திறக்க வேண்டியதாயிற்று. ஓய்விடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு விரைவாக உணர்த்திய நிகழ்வு வேறு எனக்குத் தெரியவில்லை.

அதிகம் பேசப்படாத இன்னொரு இழப்பும் உண்டு. அரசு இடங்களில் விற்பனை நடத்தப் பார்வையற்றோருக்கு முன்னுரிமை தரும் ராண்டால்ஃப்-ஷெப்பர்ட் சட்டம் 1936-இல் வந்தது. பின்னாளில் அந்த முன்னுரிமை ஓய்விடங்களின் விற்பனை இயந்திரங்களுக்கும் விரிந்தது. ஓர் ஓய்விடம் மூடப்பட்டால் அங்குள்ள இயந்திரங்களை நம்பி வாழும் பார்வையற்ற வணிகரின் வருமானமும் போகிறது.

பல ஓய்விடங்கள் மிகப் பழையவை என்பதையும், கழிவுநீர்த் தொட்டியும் குழாய்களும் பழுதாகிச் சீரமைக்கப் பெருந்தொகை தேவைப்படுகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. அருகருகே இரண்டு இருந்தால் ஒன்றை மூடுவதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கட்டடத்தைப் பூட்டினாலும் வண்டி நிறுத்துமிடத்தையும் விளக்குகளையும் விட்டுவைக்க வேண்டும்; நடமாடும் கழிவறைகளை வைக்க வேண்டும்; மூடியிருக்கும் செய்தியை முந்தைய ஓய்விடத்திலேயே பலகையில் அறிவிக்க வேண்டும். மூத்தவர்களோடு புறப்படுபவர்கள், கிளம்பும் முன் அந்தந்த மாநிலப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தையோ, 511 என்ற சாலைத் தகவல் சேவையையோ பார்த்து, வழியில் எந்த ஓய்விடங்கள் திறந்திருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒன்றை மூடுவது பற்றி உங்கள் மாநிலம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டால், தயவுசெய்து எழுதுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கு அந்த ஓய்விடம் தேவைப்பட்டது, அது இல்லாமல் எவ்வளவு தொலைவு போக நேர்ந்தது என்பதை அந்தக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.