ஹெர்-2 டெஸ்ட்டுக்கு பிளாக் எடுக்கப் போறீங்களா? முதலில் நம்பரைக் கேளுங்கள்

அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, ஊசி குத்திப் பார்த்து, ஆப்பரேஷன் முடிந்து, காயம் ஆறி, கீமோ தொடங்கியது வரைக்கும் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹெர்-2 ரிப்போர்ட்டில் 2+ என்று வந்த பிறகுதான் அலைச்சல் தொடங்கியது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதே ரிப்போர்ட்டோடு இருக்கிறவர்கள் எங்களைப் போல வெறுங்கையோடு கொழும்பிலிருந்து திரும்பக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2+ என்றதும் இரண்டாம் கட்டமா என்று அத்தான் பயந்துபோனார். அது இல்லை. கட்டியின் செல்களில் ஹெர்-2 புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்த்துப் போடுகிற புள்ளி அது. 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ், அந்தப் புரதத்தைக் குறிவைக்கிற டிராஸ்டுசுமாப் மருந்து கொடுக்கலாம். 2+ என்றால் அந்தச் சாயத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஃபிஷ் என்கிற டெஸ்ட்டில் மரபணுவையே எண்ணிப் பார்க்க வேண்டும். 17ஆவது குரோமோசோமில் இருக்கிற ஹெர்-2 மரபணு ஒரு நிறத்திலும் அந்தக் குரோமோசோமின் நடுப்பகுதி இன்னொரு நிறத்திலும் ஒளிரும், ஒவ்வொரு செல்லாக எண்ணி விகிதம் போடுவார்கள். இந்த டெஸ்ட்டைக் கொழும்பில் ஒரு தனியார் லேப்பில் செய்யலாம், ஆப்பரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் இருந்து பிளாக்கை, அதாவது அறுத்தெடுத்த துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பதை, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் கிளினிக் டொக்டர். அவர் கடிதமும் தந்தார். சரி, ஒரு நாள் வேலை என்று நினைத்தோம்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்தவர் கடிதத்தை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பிளாக்கெல்லாம் வெளியில குடுக்கிறல்ல." டொக்டர் எழுதித் தந்திருக்கிறார் என்று சொன்னதும், "அப்ப நோயாளி வரோணும்" என்றார். கீமோ ஏற்றி வாந்தியும் தலைச்சுற்றுமாகப் படுத்துக் கிடக்கிறவளை எப்படிக் கூட்டிவருவது? அப்புறம் உள்ளே இருந்து வந்த இன்னொருவர்தான், நோயாளி கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் அடையாள அட்டைக் கொப்பியும் போதும் என்றார். இதை முதலாமவரே சொல்லியிருக்கலாம். களுவாஞ்சிகுடிக்குத் திரும்பிப் போய் அதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தால், நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாங்க. மறுநாள் போயா விடுமுறை.

பிறகு ஒருவழியாக பிளாக் கிடைத்தது. தட்டில் முதலில் இருந்ததை எடுத்துத் தந்தார்கள். சந்தோஷமாக இரவு பஸ் ஏறிக் கொழும்பு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். சில நாள் கழித்து லேப்பில் இருந்து போன்: இதில் கட்டியே இல்லை, நிணநீர்க் கணுவின் துண்டு மட்டும்தான் இருக்கிறது, அதிலும் புற்றுநோய்ச் செல் இல்லை, வேறு பிளாக் கொண்டுவாருங்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அக்காவுக்கு முன்னால் காட்டவும் முடியாது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனபோது நல்லவேளை அங்கே லேப்பில் வேலை செய்கிற மிஸ் ஒருவரே வெளியே வந்தார். அவர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. அறுத்து எடுத்த மார்பைப் பல துண்டுகளாக வெட்டுவார்கள். கட்டி, ஓரம், முலைக்காம்பு, அக்குளில் எடுத்த கணுக்கள் என்று எல்லாம் வேறு வேறு பிளாக். ஒரு ஆளுக்கு ஒரு தட்டு நிறைய இருக்கும். எந்தப் பிளாக்கில் எது என்று ரிப்போர்ட்டிலேயே ஒரு பட்டியல் இருக்கும், அதை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. மிஸ் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒரு பிளாக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் பழுப்பாக ஒரு துண்டு. சரிவான ஓரத்தில் பென்சிலால் நம்பர். பேனையால் எழுதினால் துண்டைப் பதப்படுத்தும் அல்கஹோலில் மை கரைந்துவிடுமாம். "இதான் தம்பி கட்டி. ஸ்லைடையும் சேர்த்துக் கொண்டு போங்க, அவங்க கேப்பாங்க" என்றார். ஸ்லைட் என்றால் அந்தத் துண்டை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடி. அந்த மிஸ்ஸுக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

ஆகவே, டொக்டரின் கடிதத்தில் "பிளாக் தரவும்" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். பயொப்சி நம்பரும் கட்டி இருக்கிற பிளாக்கின் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். முதல் ஊசி பயொப்சிக்கு ஒரு நம்பர், ஆப்பரேஷனுக்கு இன்னொரு நம்பர் இருக்கும், அதையும் பாருங்கள். லேப் படிவத்தில் துண்டு எவ்வளவு நேரம் ஃபோர்மலினில் (கெடாமல் வைக்கிற திரவம்) இருந்தது என்று ஒரு இடம் உண்டு. 6 மணித்தியாலத்துக்குக் குறைந்தாலும் 72க்குக் கூடினாலும் முடிவு பிழைக்கலாம் என்பதால்தான் கேட்கிறார்கள். எங்கள் படிவத்தில் அது வெறுமையாக இருந்து, அதற்கு வேறு போன் மேல் போன்.

பிளாக்குக்கு ஐஸ் தேவையில்லை. ஆனால் மெழுகு, வெயிலில் நிற்கிற வாகனத்தின் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போகாதீர்கள், நம்ம ஊர் சித்திரை வெயில் தெரியும்தானே.

முடிவு பாசிட்டிவ். விகிதம் 2க்கு மேலே இருந்தது, மரபணு பெருகியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். புற்றுநோய் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்து ஒரு வீடு சந்தோஷப்பட்டது என்றால் நம்புவீர்களா? கொடுக்க ஒரு மருந்து இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து அது. எலியில் உருவான எதிர்ப்புரதத்தை மனித உடம்பு ஏற்கிற மாதிரி மாற்றியமைத்து, ஹாம்ஸ்டர் என்கிற எலி போன்ற பிராணியின் செல்களில் வளர்த்து எடுக்கிறார்கள். மூன்று கிழமைக்கு ஒரு தடவை, ஒரு வருஷம் ஏற்ற வேண்டும். இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் தொடங்க முன்னரும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ (இதய ஸ்கான்) எடுக்க வேண்டும், அந்தத் திகதியை நீங்களே குறித்து வையுங்கள்.

ஒரு தடவை வார்டில் மருந்து முடிந்து வெளியில் வாங்க வேண்டி வந்தது. பெட்டியில் கம்பெனிப் பெயர் வேறாக இருந்ததைப் பார்த்து அக்கா மாட்டேன் என்று நின்றாள். அது பயோசிமிலர், அதே மாதிரியான மருந்தை இன்னொரு கம்பெனி செய்வது என்று டொக்டர் விளக்கிய பிறகுதான் ஏற்றிக்கொண்டாள். பெயர் ஒத்த மற்றொரு மருந்தும் உண்டு, டிராஸ்டுசுமாப் எம்டான்சின். அது வேறு மருந்து, அளவும் வேறு. பெட்டியில் பெயரை முழுதாக வாசியுங்கள். பிளாக்கைப் போலில்லை, மருந்துக்குக் குளிர் கட்டாயம்: 2 முதல் 8 பாகை. ஆனால் உறையக்கூடாது, அதனால் ஐஸ் கட்டியோடு ஒட்ட வைக்காமல் நடுவில் துணி சுற்றி வைத்துக் கொண்டுவந்தோம்.

டெஸ்ட் முடிந்ததும் லேப் பிளாக்கைத் திருப்பித் தரும். அதை வீட்டு அலுமாரியில் போட்டுவிடாதீர்கள், பின்னால் வேறு டெஸ்ட் செய்ய வேண்டி வந்தால் அதுதான் தேவைப்படும். நான் அதை அதே கவுண்டரில் கொடுத்து, பதிவுப் புத்தகத்தில் திகதி போட்டு எழுதவைத்து, அந்தப் பக்கத்தைப் போனில் படமும் எடுத்துக்கொண்டேன். முதலில் எழுத மாட்டேன் என்றுதான் கவுண்டரில் இருந்தவர் சொன்னார். எழுதும் வரை நான் நகரவில்லை.