சட்ட மாணவர்களின் கவர் லெட்டர்

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் வேலைக்கு அனுப்பும் கவர் லெட்டரை என்னிடம் காட்டுவதுண்டு. பெரும்பாலும் ரெஸ்யூமேயில் இருப்பதே மறுபடியும் பத்தி பத்தியாக இருக்கும். ‘சிறுவயது முதலே நீதியின் மேல் ஆர்வம்’ என்ற வரியும் தவறாமல் வந்துவிடும். அதை எடுத்துவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

படிப்பவர் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றுதான்: இவரிடம் ஒரு ஃபைலைக் கொடுத்தால் என்ன செய்வார்? ‘ஆய்வுத் திறன் உண்டு’ என்பதில் அதற்குப் பதில் இல்லை. ‘இன்டர்ன்ஷிப்பில், வாடகை ஒப்பந்தத்தை இடையில் முறிக்கலாமா என்ற கேள்விக்குத் தீர்ப்புகளைத் தேடி மெமோ எழுதினேன், சீனியர் அதை வைத்தே கட்சிக்காரருக்கு ஆலோசனை சொன்னார்’ என்று எழுதினால் ஆளே கண்முன் வந்துவிடுகிறார். கட்சிக்காரரின் பெயரை மட்டும் எக்காரணம் கொண்டும் எழுதிவிடாதீர்கள். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடுவார்கள்.

அப்புறம், வரி வழக்குகள் மட்டுமே நடத்தும் அலுவலகத்துக்கு மனித உரிமை மூட் கோர்ட் (மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி) பற்றி முழுப் பத்தி வேண்டாம். அந்தப் போட்டியில் ஒரு சட்டப்பிரிவுக்கு எப்படிப் பொருள் சொல்லி வாதிட்டீர்கள் என்று இரண்டு வரி போதும். அந்தத் திறமை வரி வழக்குக்கும் வேண்டியதுதானே.

மொத்தமும் ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். உங்கள் டிராஃப்டிங்குக்கு, அதாவது சட்ட ஆவணம் எழுதும் திறமைக்கு, முதல் மாதிரியே இந்தக் கடிதம்தான், எழுத்துப்பிழை கூடவே கூடாது. பழைய கடிதத்தைத் திருத்தி அனுப்பினால் முந்தைய நிறுவனத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள்.

இந்த வாரம் அனுப்பப் போகிறவர்கள் இன்பாக்ஸில் போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.